தீர்மானம் நிறைவேறிற்று!

நகரமன்றம் ஒன்றின் நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கமாட்டீர்கள். பார்க்கத் தூண்டும் வகையில் அது எழுதப்படுவதும் இல்லை. பொருள் எண் 14, பொருள் எண் 15 என்று வரிசை நீளும். ஒவ்வொன்றின் அடியிலும் ‘தீர்மானம் நிறைவேறிற்று’ என்ற இரு சொற்கள், சிப்பாய்கள்போல் விறைத்து நிற்கும். ஆனால் அந்த இரு சொற்களின் நிழலிலேதான் ஒரு தேநீர்க் கடைக்காரனின் அடுப்பு எரிகிறது, அல்லது அணைகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது, அல்லது வெறுங்காற்று வருகிறது. நாடக மேடையிலே நடிகன் ஏறுகிறான், அல்லது காவலர் ஏறுகின்றனர்!

தில்லியில் எந்த அமைச்சருக்கு எந்த இலாகா என்று கேட்டால், முடிதிருத்தும் நிலையத்தில் காத்திருக்கும் நால்வரில் மூவர் பட்டியலையே ஒப்புவிப்பர். உங்கள் வட்டத்து உறுப்பினர் பெயரென்ன என்று கேட்டுப்பாருங்கள்! “பெயர் நினைவில்லை ஐயா, எந்தத் தெருவில் சாலை நன்றாக இருக்கிறதோ அந்தத் தெருவில் அவர் வீடு இருக்கும்” என்பர். அடையாளம் சரியானதே, பெரும்பாலும் பிழைபடுவதில்லை.

வரி கேட்பதும் உரிமம் தருவதும் நேற்று முளைத்த வழக்கங்கள் அல்ல. பல்லவர் காலத்துச் செப்பேடுகளையும் சோழர் காலத்துக் கல்வெட்டுகளையும் படிப்போர், வரிகளின் பெயரைப் பார்த்தே வியந்து போவர். தறி நெய்தால் தறியிறை. செக்கு ஆட்டினால் செக்கிறை. குயவன் சக்கரத்துக்குக் குசக்காணம். துணி வெளுக்கும் கல்லுக்கு வண்ணாரப்பாறை. கள் இறக்குவோனுக்கு ஈழம்பூட்சி. உழைக்கும் கை எங்கெங்கு அசைந்ததோ, அங்கங்கெல்லாம் ஓர் இறை! சரி, இறை கொடுத்தவன் ஊரவையில் அமர்ந்தானா? இங்குதான் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கூர்ந்து படிக்கவேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் குடவோலை முறையை எடுத்துக்காட்டி, மக்களாட்சி நம் மண்ணிலேயே மலர்ந்தது என மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் வாரியத்தில் அமரலாகாது என்று எழுதிவைத்த நேர்த்தியை நாமும் போற்றுகிறோம். இன்று அந்த ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் எத்தனை மன்றங்களில் எத்தனை நாற்காலிகள் மிஞ்சும் என்று எண்ணிச் சிரித்தும்கொள்கிறோம். ஆனால் குடத்துக்குள் யாருடைய பெயர் விழுந்தது? வரி செலுத்தும் கால்வேலி நிலம் உடையோன், சொந்த மனையில் வீடு கட்டியோன், மந்திரப் பிராமணம் கற்றோன், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதுடையோன். தறிக்காரன் பெயரைத் தாங்கிய ஓலை அந்தக் குடத்தின் வாயைக்கூடக் கண்டதில்லை. இறை அவனுடையது, முடிவு வேறொருவருடையது.

சென்னைக்கு வருவோம். 1688இல் இங்கே மாநகராட்சி பிறந்ததை, ஆசியாவின் மூத்த மாநகராட்சிகளுள் ஒன்று எனப் பெருமையோடு பேசுகிறோம். அது பிறந்த காரணத்தைப் பேசுவோர் குறைவு. நகர்ச் சுவருக்கென வரி கேட்ட கிழக்கிந்தியக் கம்பெனியாரை ஊரார் கடையடைத்து எதிர்த்தனர். இலண்டனில் இருந்த சர் ஜோசையா சைல்டு என்ற கம்பெனித் தலைவர், வணிகர் அல்லவா, கணக்குப் போட்டார். நாம் போடும் சிறு வரிக்கு முரண்டு பிடிப்போர், தாமே கூடித் தமக்கே போட்டுக்கொள்ளும் பெரு வரியை முகம் சுளிக்காமல் செலுத்துவர் என்பது அவருடைய கருத்து. ஆக, மன்றம் என்பது மக்களுக்குத் தரப்பட்ட குரலாகப் பிறக்கவில்லை; மடியை அவிழ்க்கவைக்கும் மந்திரமாகவே பிறந்தது. 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்ட பின்னரே மந்திரத்துக்குள் சிறிது உயிர் புகுந்தது. அவர் பெயரைத்தான் 1913இல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை சுமந்து நிற்கிறது.

அந்த மாளிகையில் நிறைவேறிய எத்தனையோ தீர்மானங்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறோம். ஆண்டு 1920. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தருவது, செலவு நாளொன்றுக்குப் பிள்ளையொருவருக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வது. தீர்மானம் நிறைவேறிற்று! ஓரணா! பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஒரு நகரமன்றம் அன்றே உணர்ந்தது. நகரமன்றம் என்றால் சாக்கடை, குப்பை, கொசு என்று ஏளனம் பேசுவோர் இதனை நினைவில் கொள்ளட்டும்.

இனி உரிமத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதில் சற்று நேரம் நிற்பதற்கு வாசகர்கள் பொறுத்தருள்க. நம் நெஞ்சில் அதிகம் உறுத்துவது இதுதான்.

ஒரு தேநீர்க் கடை. கல்லாவுக்குப் பின்னால், பூமாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், சட்டமிட்ட கண்ணாடிக்குள் உரிமத் தாள். மன்றத்து முத்திரை, கையெழுத்து, எல்லாம் ஒழுங்கு. சுகாதார ஆய்வாளர் வருகிறார். புகைபோக்கியைப் பார்க்கிறார், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறார், கழிவுநீர் எங்கே போகிறது என்று குனிந்தும் பார்க்கிறார். கண்ணாடிக் குவளை ஒருபுறம், கூரையில் செருகிய கொட்டாங்கச்சியோ தனிக் குவளையோ மறுபுறம் எனப் பல சிற்றூர்களில் இருந்த கொடுமையை, ஆய்வாளரின் கண் மட்டும் காணாது! புகை கண்ணில் பட்டுவிட்டதோ என்னவோ! இரட்டைக் குவளை எல்லாம் பழங்கதை என்று சொல்வோருண்டு. கொட்டாங்கச்சி போய், தூக்கி எறியும் தாள் குவளை வந்த கடைகளையும் இந்த நூற்றாண்டில் கள ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். சிலருக்கு மட்டும் அந்தக் குவளை என்றால், எறியப்படுவது குவளை மட்டுமா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976 முதல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறி நிற்கிறது. அதன் 8ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் பொருள் விற்க மறுத்தோ பணி செய்ய மறுத்தோ தண்டனை பெற்றவருடைய தொழில் உரிமத்தை நீக்கவோ நிறுத்திவைக்கவோ வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உரிமத் தாளுக்கும் மனித மதிப்புக்கும் முடிச்சுப் போட்ட பிரிவு அது. நல்ல முடிச்சு! ஆனால் அந்த முடிச்சு வழக்கு நடந்து, தண்டனை கிடைத்து, அதற்குப் பிறகே இறுகும். உரிமம் தரும்போதே அதனைக் கேட்கவேண்டாமா? கடைச் சுவரின் சுண்ணாம்பைப் பற்றி நிபந்தனை எழுதத் தெரிந்த மன்றத்துக்கு, எல்லார்க்கும் ஒரே குவளை என்று ஒரு வரி எழுதவா மை தீர்ந்துவிட்டது? இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், இதரர்க்கு ஓரிடம் என்று இருந்த பிரிவினை 1941இல் நீங்கியது. திருவல்லிக்கேணியில் ஓர் உணவுக் கடையின் பெயர்ப்பலகையில் இருந்த சாதிப் பெயரை எதிர்த்துப் பெரியார் 1957இல் அறப்போர் நடத்தினார், தோழர்கள் நாள்தோறும் சிறை சென்றனர். பலகை ஒன்றுக்காகவா இவ்வளவு என்று அன்று கேட்டனர். பலகைக்கு உரிமம் தந்த கை எது என்று அவர்கள் கேட்கவில்லை.

கடைக்காரனாவது சுவர் உடையவன். சுவரே இல்லாதவர் கதையைக் கேளுங்கள். நம் பெரியம்மா, ஒரு சிறு நகரத்தின் வாரச் சந்தையில் கீரை விற்பவர். நகராட்சி, சந்தையில் சுங்கம் தண்டும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் ஆளை வைத்துத் தண்டுவார். ஒருமுறை பெரியம்மாவின் சுருக்குப்பையில் இருந்த சீட்டை வாங்கிப் பார்த்தோம். 15 ரூபாய் என்று அச்சாகியிருந்தது. எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டோம். நாற்பது என்றார். “சீட்டிலே பதினைஞ்சுதானே பெரியம்மா போட்டிருக்கு?” என்றதற்கு, அவர் கீரைக்கட்டுக்கு நீர் தெளித்தபடியே சொன்னார்: “அது படிச்சவங்களுக்குப் போட்டது, தம்பி. நமக்கு அவன் வாயாலே சொல்றதுதான் கணக்கு.”

அந்த ஊர் மன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு ஒருமுறை கிட்டியது. அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள். தேநீர் வந்தது, முறுக்கு வந்தது, சந்தைக் குத்தகைப் பொருளும் வந்தது. எழுத்தர் எண்ணைப் படித்தார், பொருளைப் படிக்கவில்லை. நாற்பது ரூபாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பதினைந்தைப் பற்றியும் கேட்கவில்லை. முறுக்கு நன்றாக இருந்தது என்று இருவர் பேசிக்கொண்டனர். தீர்மானம் நிறைவேறிற்று!

நடைபாதை வணிகர்க்கென 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது. ஊர்தோறும் விற்பனைக் குழு வேண்டும். அதில் வணிகர்கள் பத்தில் நால்வருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அந்த வணிகரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கூறுகிறது. தறியிறை கொடுத்தவனுக்குக் கிடைக்காத குடவோலை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் கீரைக்காரிக்குக் கிடைத்திருக்கிறது என்றே இதை நாம் படிக்கிறோம். ஓலை குடத்துக்குள் விழுகிறதா, வழியிலேயே பறந்துவிடுகிறதா என்பதைத்தான் ஒவ்வோர் ஊரிலும் நின்று பார்க்கவேண்டும்.

பொழுதுபோக்குக்கு உரிமம் என்பது வேறு வகை வேடிக்கை. ஏழையின் அடுப்புக்கு உரிமம் தரும்போது அரைத்தூக்கத்தில் இருக்கும் அதிகாரம், கலைஞனின் நாவுக்கு உரிமம் தரும்போது ஆயிரம் கண்ணோடு விழித்துக்கொள்ளும். 1876இல் வெள்ளையர் ஆட்சி நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்தது, வங்காளத்து நாடகங்கள் ஆள்வோரைக் குத்தியதால். வெள்ளையர் போயினர். 1954இல், காமராசர் முதலமைச்சராக இருந்த வேளையில், சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. நடிகவேள் எம். ஆர். இராதா மேடையில் எழுப்பிய சிரிப்பு, கோட்டையில் சிலருடைய உறக்கத்தைக் கெடுத்ததே அதற்குக் காரணம் என்பதை நாடறியும். அச்சட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2013இல்! எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கு அது. ஏறத்தாழ அறுபதாண்டு. அதற்குள் இராதாவும் மறைந்தார், அவர் சிரிப்புக்கு அஞ்சியோரும் மறைந்தனர்; உரிமம் கேட்கும் வழக்கம் மட்டும் உயிரோடு இருந்தது.

கலையை ஒழுங்குபடுத்தப் புகுந்த மன்றங்கள் மேல்நாட்டிலும் இடறியிருக்கின்றன. 1894இல் இலண்டன் கவுண்டி மன்றம், லெஸ்டர் சதுக்கத்து எம்பயர் அரங்குக்கு உரிமம் தரும்போது ஒரு நிபந்தனை போட்டது. உலாவும் கூடத்துக்கும் மதுக்கூடத்துக்கும் இடையே தடுப்பு வேண்டும் என்றது. ஒழுக்கம் காக்கவாம். அரங்கத்தார் கித்தான் தடுப்புப் போட்டனர். கூட்டம் அதைக் கிழித்தெறிந்தது. கிழித்த இளைஞருள் ஒருவன், இராணுவப் பள்ளி மாணவன், உடைந்த தடுப்பின்மீது நின்று பேசவும் பேசினான். வின்ஸ்டன் சர்ச்சில் என்று பெயர். பிற்காலத்தில் இந்தியாவின் உரிமைக்குத் தடுப்புக் கட்டிய அதே சர்ச்சில்தான்!

கேளிக்கை வரிக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1939ஆம் ஆண்டையது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு–சேவை வரி வந்தபோது, பழைய கேளிக்கை வரி அதில் கரைந்தது. உள்ளாட்சிகள் தண்டும் வரிக்கு மட்டும் வழி விடப்பட்டது. உடனே ‘உள்ளாட்சிக் கேளிக்கை வரி’ பிறந்தது, முதலில் 30 விழுக்காடு. திரையரங்குகள் ஜூலை 3 முதல் சில நாள்கள் பூட்டிக்கிடந்தன. பேச்சு நடந்தது, புதிய தமிழ்ப் படங்களுக்கு அதே ஆண்டு அக்டோபரில் 8 விழுக்காடு என்று ஆயிற்று. இதில் யார் வென்றார், யார் தோற்றார் என்பதல்ல நம் வினா. உள்ளாட்சி வரி என்று பெயர். விகிதத்தைச் சொன்னது கோட்டை. சரி, அப்போது உள்ளாட்சி எங்கே இருந்தது? 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்துவிட்டது. தேர்தல் இல்லை. தனி அலுவலர்கள் கோப்புப் பார்த்தனர். தமிழ்நாட்டில் எந்த நகரமன்றத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத ஆண்டில், உள்ளாட்சியின் பேரால் ஒரு வரி! தந்தை இல்லாத பிள்ளைக்குத் தந்தை பெயர் எழுதியதைப் போல என்று சொன்னால், கசக்குமோ?

தண்ணீர்க் கட்டணத்தைச் சென்னை மாமன்றம் முடிவு செய்கிறது என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். 1772இல் ஏழு கிணற்றிலிருந்து கோட்டைக்கு நீர் சென்ற காலம் போய், 1914இல் கீழ்ப்பாக்கத்து நீரேற்று நிலையம் வந்து, குழாய்களையும் கட்டணத்தையும் மாநகராட்சி கவனித்தது உண்மை. 1978இல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் அமைந்தது. அன்றிலிருந்து, குழாய்க்கு முன் சண்டை மூண்டால் ஓடிவருபவர் வட்ட உறுப்பினர். குழாயின் திறவுகோல் இருப்பதோ வேறிடம். ‘நாங்கள் கேட்டிருக்கிறோம்’ என்பதற்கு மேல் அவரால் சொல்லமுடிவதில்லை. பொறுப்பு ஓரிடம், அதிகாரம் ஓரிடம்!

பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் நீரை அளக்கும் கருவியும் இல்லை. தோட்டத்துக்கும் மகிழுந்துக்கும் நீரைக் கொட்டும் மாளிகைக்கும், ஒரு வாளியில் இருவர் குளிக்கும் குடித்தனத்துக்கும் அளவைப் பற்றிய கேள்வியே எழாது. 2019ஐ மறந்திருக்கமாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து 50 தொட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீரோடு தொடர்வண்டி வந்தது, பூச்சூட்டி வரவேற்றனர். அன்று வண்ணக் குடங்களோடு நள்ளிரவில் லாரிக்குக் காத்திருந்த பெண்களிடம் போய், நீருக்கு விலை வைக்கலாமா கூடாதா என்று வாதம் நடத்தியிருந்தால் சிரித்திருப்பர். விலை அவர்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தனர், உறக்கத்தாலும் கூலி இழந்த நாளாலும். அளந்து கொடு, முதல் அளவை ஏழைக்கு இலவசமாகக் கொடு, அதற்குமேல் செலவழிப்பவனிடம் ஏறுமுகமாக வாங்கு என்பதே நம் கருத்து. இது நடவாத கனவன்று. பர்மிங்காம் நகரத்து மேயராக ஜோசப் சேம்பர்லின் இருந்த 1873 முதல் 1876 வரையிலான ஆண்டுகளில், அந்நகர மன்றம் தனியார் எரிவாயுக் கம்பெனிகளையும் குடிநீர்க் கம்பெனியையும் விலைக்கு வாங்கிற்று. எரிவாயுவில் கிடைத்த இலாபத்தை ஊர் மேம்பாட்டுக்கே செலவிட்டது. நம் ஊரிலும் ஏறுமுகம் புதிதன்று. 2022இல் சொத்துவரி உயர்ந்தபோது, பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 விழுக்காடும், 1,800க்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 விழுக்காடும் என்று படி வைத்தனர். வீட்டின் பரப்புக்குப் படி வைக்கத் தெரிந்த கை, நீரின் அளவுக்கும் வைக்கலாமே?

ஆனால் அந்த உயர்விலும் ஒன்றைக் கவனித்தோம. பிப்ரவரியில் தேர்தல், மார்ச்சில் பதவியேற்பு, ஏப்ரல் முதல் வாரத்தில் அரசின் வரி அறிவிப்பு. புதிய உறுப்பினர்கள் தம் நாற்காலி எது என்று கண்டுபிடிக்கும் முன்பே, எதற்குக் கை தூக்கவேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருந்தது.

கை தூக்கவாவது ஆள் இருந்தார்களே என்றும் சொல்லலாம். 1959இல் தி.மு.கழகம் வென்று அமர்ந்த சென்னை மாமன்றத்தை, 1973இல் அதே கழகத்தின் மாநில அரசு கலைத்தது. ஊழல் புகார்கள் எழுந்தன, விசாரிக்கவேண்டியதுதான். ஆனால் அடுத்த தேர்தல் நடந்தது 1996இல்! இடையில் ஆண்ட எந்தக் கட்சிக்கும் மாமன்றம் இல்லாதது ஒரு குறையாகத் தோன்றவில்லை. இருபத்து மூன்று ஆண்டு உரிமங்கள் வழங்கப்பட்டன, கட்டணங்கள் உயர்ந்தன, கூட்ட மண்டபத்து நாற்காலிகளில் தூசு அமர்ந்தது. பிறகு 2016 முதல் 2022 வரை மீண்டும் ஒரு வெற்றிடம். மூத்த மாநகராட்சி என்று விழா எடுக்கும்போது, இந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டு வயதைச் சொல்வதே நேர்மை.

2022 நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளென்று, நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. வட்டத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, வாக்காளரையே அழைத்துப் பேசவைக்கும் ஏற்பாடு. பெரியம்மாவின் ஊரில் அப்படிக் கூடிய சபை ஒன்றுக்கு நாமும் போனோம். சந்தைச் சுங்க விகிதத்தைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கவேண்டும் என்று கேட்டோம். அரைமணி நேரம் பேசினர். கேட்டவர் யார், எந்தக் கட்சி என்று ஆராய்ந்தனர். கீரைக்காரிகள் ஆறு பேர் எழுந்து நின்று கையைத் தூக்கியதும் ஒப்புக்கொண்டனர்.

பலகை வந்துவிட்டது. நல்ல நீல வண்ணம், வெள்ளை எழுத்து, தரைக்கடை ஒன்றுக்கு 15 ரூபாய் என்று பிழையில்லாமல் எழுதியிருக்கின்றனர். மாட்டியிருக்கும் இடம் சந்தையின் நுழைவாயில் அன்று. குத்தகைதாரர் அமரும் அறையின் உட்சுவர். அடுத்த பகுதி சபைக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்திருக்கிறோம்: பலகையை வெளியே கொண்டுவந்து மாட்ட எத்தனை ஆணி வேண்டும்?